அணியம் என்கிற டெல்பின்

திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் உள்நோயாளியாக இருந்துவரும் டெல்பின், வயது 47, என்பவரை, அவருடைய கணவர் கொடுத்த புகார் மனு தொடர்பாக 22.05.2025 அன்று உதவி ஆய்வாளர் நஃபீஸத் நேரில் விசாரித்து, அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்தது:

என் பெயர் டெல்பின். கணவர் பெயர் அம்புரோஸ். அவர் உயிருடன் இருக்கிறார். இதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். திருச்செந்தூர் வட்டம் சந்தியாகுபுரத்தில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறோம். என் கணவர் ஃபைபர் வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்கிறார். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், பள்ளிச் சீருடை ஆகியவை தைத்துக் கொடுக்கிறேன். மகள் ஒருத்தி, கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருக்கிறாள். மெஷினில் உட்காராத நேரத்தில் நான் கதை எழுதுவேன். இது என் கணவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்கள் சீரியல் பார்ப்பது போல இதுவும் ஒன்று என்று அவர் விட்டுவிட்டார்.

பேராசிரியை சித்ரலேகா என்பவர் என்னை ஏமாற்றி வரவழைத்து, என் பெயரை மாற்றி, என்னை விதவை என்று கரையோரம் முழுக்கச் சொல்லி, பாம்பு கடித்து நான் உயிருக்குப் போராடியபோது எனக்குக் கணவர் இருப்பதையே மறைத்துவிட்டதாகவும், பெருமாள்ராஜ் என்பவர் தன்னை வார்டுக்குள் விடாமல் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதாகவும் என் கணவர் மனுவில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். இதில் தள்ளியது மட்டும் உண்மை. சித்ரலேகா டீச்சர் கல்லூரியில் வேலை பார்ப்பவர். இந்த மனு வழக்காகப் பதிவானால் அவருடைய வேலைக்கு ஆபத்து, அவர் நடத்தும் முகாமும் அத்தோடு நின்றுபோகும். அப்படி நடந்துவிடக் கூடாது என்பதற்காக, தொண்டை இன்னும் சரியாகாத நிலையிலும் நானே விரும்பி இதைச் சொல்கிறேன்.

சித்ரலேகா டீச்சரும் அவருடைய நண்பர்களும் வருடந்தோறும் மே மாதம் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும்போது, அம்பாசமுத்திரத்தை அடுத்து ஆற்றங்கரையில் உள்ள ஒரு பள்ளி விடுதியைக் கேட்டு வாங்கி, எழுதுகிறவர்களை அங்கே தங்கவைத்து முகாம் நடத்திவருகிறார்கள். திருச்செந்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என் கதையைத் தட்டச்சு செய்யக் கொடுத்திருந்தபோது, அந்தக் கடை அண்ணாச்சிதான் முகாம் அறிவிப்பைக் காட்டினார். நான் உடனே விண்ணப்பம் போட்டேன். பெயர் என்ற இடத்தில் புனைபெயர் போதும் என்று இருந்தது. தொடர்பு எண் என்ற இடத்தில் அண்ணாச்சியின் கடை எண்ணைக் கொடுத்தேன். வீட்டு எண்ணைக் கொடுத்தால் என் கணவர் எடுத்துப் பேசிவிடுவார்.

இடம் கிடைத்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்ன பிறகு, நான் தியானத்துக்குப் போவதாக வீட்டில் சொன்னேன். எங்கள் ஊரில் பெண்கள் தியானத்துக்குப் போவது வழக்கம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கதை எழுதப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் கோயில் மணி அடித்து ஊரைக் கூட்டிக் கேட்டிருப்பார்கள். தியானத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் என் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். என் கணவர் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டு, வள்ளத்து எஞ்சினுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். ஆகவே என்னை யாரும் ஏமாற்றி வரவழைக்கவில்லை. ஏமாற்றியது நான், ஏமாந்தது அவர்.

பெயரை மாற்றியது ஏன் என்று கேட்டதற்கு, அது முகாமின் வழக்கம் என்று சொல்கிறேன். முதல் நாள் மாலை எல்லோரையும் உட்காரவைத்து டீச்சர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இங்கன யாரும் யாரையும் எந்த ஊரு, யாரு மவன், என்ன சோலின்னு கேக்கப்பிடாது. கேட்டா அடுத்தாப்புல என்ன கேப்போம்னு நமக்கே தெரியும்" என்றார். நான் அணியம் என்று வைத்துக்கொண்டேன். அணியம் என்பது வள்ளத்தின் முன்பகுதி. மனுவில் கண்ட பெருமாள்ராஜ் கொழுந்து என்று வைத்துக்கொண்டார், அவருடைய வீட்டார் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஊரை மறைக்கச் சொன்னால் ரெண்டு பேரும் ஊரையே தலையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று டீச்சர் எங்களைக் கேலி செய்தார். சாப்பாடு சைவம். கருவாடு கூடக் கிடையாதா என்று நான் சமையல்கட்டில் போய்க் கேட்ட பிறகு யாருக்கும் எந்தச் சந்தேகமும் மிச்சம் இல்லை. இருந்தாலும் ஊர்ப் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. கடற்கரை என்றால் அது எவ்வளவோ தூரத்துக்கு நீண்டு கிடக்கிறது.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டதற்கு, எழுதினோம், வாசித்தோம், வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கென்று ஒரு மேஜை, ஒரு நாற்காலி கொடுத்தார்கள், ஜன்னல் வழியாக ஆறு தெரிந்தது. காலையில் எழுந்ததும் நான் யாருக்கும் காப்பி போடவில்லை, எனக்கு ஒருவர் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் என் எதிரே உட்கார்ந்து நான் எழுதியதை வரிவரியாகப் படித்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இது பொய்லா" என்றார். யோசித்துப் பார்த்தால் பொய்தான். அதற்கு முன் என் எழுத்தைப் பொய் என்று சொல்லும் அளவுக்கு யாரும் உற்றுப் படித்ததில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் கல்யாணத்துக்குக் கூட ஏற்பட்டதில்லை. இதை என் கணவர் கேட்டாலும் பரவாயில்லை, எழுதிக்கொள்ளலாம்.

முகாமில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் தன் கதையை வாசித்தபின் மறுநாள் காலை வரை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் என் முறை வந்தது. அது 'நான்' என்று சொல்லும் கதை. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய மனைவி, துணி தைத்துப் பிழைப்பவள், கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரியோடு போகிறாள். எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் திரி ஏற்றிக்கொண்டிருக்க, இவளுக்கு ஏற்றுவதற்கு ஒரு குழி இல்லை. கடைசியில் யாரும் வந்து பார்க்காத ஒரு பழைய கல்லறையில் ஏற்றிவைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். கதை இவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் ஒவ்வொருவராகப் பேசினார்கள், ஆனால் கதையைப் பற்றிப் பேசாமல் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கொழுந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, இத மனசுல வச்சிக்கிட்டா எங்களோட இவ்வளவு சிரிச்சுப் பேசுனிய" என்று கேட்டார். என் கணவர் கல்லு மாதிரி இருக்கிறார், இந்நேரம் வலை பிரித்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பேசக் கூடாது என்பது வழக்கம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவர்கள் அழுதது எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆகவே என்னை விதவை என்று அவர்கள் நினைத்ததற்கு நான் எழுதிய கதையும் நான் பேசாமல் இருந்ததும்தான் காரணம்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், விடுதிக்குப் பின்னால் காயப்போட்டிருந்த துணிகளை எடுக்கப் போனேன். செருப்பில்லாமல் பின்பக்கம் போகக் கூடாது என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார், கரும்பலகையிலும் எழுதிப் போட்டிருந்தார். காலையில் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே நான் செருப்பை மறந்து போனேன். தென்னை மட்டைகள் குவிந்துகிடந்த இடத்தில் வலது காலில் நல்லபாம்பு கடித்தது. அது படம் எடுத்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன். என் சத்தம் கேட்டுக் கொழுந்து ஓடிவந்து, என்னை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போய் டீச்சருடைய காரில் கிடத்தினார். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே என் இமைகள் கீழே விழுந்துவிட்டன. தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதன் பிறகு பேச்சும் நின்றுவிட்டது.

ஆனால் காது முழுசாகக் கேட்டது. இங்கே வந்ததும் சீட்டு எழுதுமிடத்தில் பெயர் கேட்டார்கள். கொழுந்து அணியம் என்று சொன்னார். கணவர் பெயர் கேட்டதற்கு, அவர் இறந்துவிட்டார், பெயர் தெரியாது என்றார். ஊரும் தெரியாது என்றார். "ஒரு வாரமா ஒண்ணா இருந்திருக்கிய, ஊரு தெரியாதா" என்று அவர்கள் கேட்டதற்கு, "எங்கள்ல அதக் கேக்கப்பிடாது சார்" என்று கொழுந்து அழுதுகொண்டே சொன்னார். அதன் பிறகு கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டார்கள். தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கூடப்பிறந்த தம்பி கிடையாது. அன்றிலிருந்து இருக்கிறான்.

இதற்கு மேல் நடந்ததில் கொஞ்சம், டீச்சர் பிறகு சொல்லி எனக்குத் தெரியவந்தது. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டதால் யாரும் எடுக்கவில்லை, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. என்னைப் பற்றி அவர்கள் கையில் இருந்தது நான் வாசித்த கதை ஒன்றுதான். தையல்காரி, கத்தோலிக்கப் பெண், கணவர் கடலில் போய் உடல் கிடைக்கவில்லை, ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பக்கச் சுவர் கடலரிப்பில் விழுந்துகிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஞாயிறு காலைப் பூசை முடியக் காத்திருந்து, கரையோரப் பங்குகளுக்கெல்லாம் டீச்சர் ஒவ்வொன்றாகப் போன் செய்திருக்கிறார். என்னை விதவை என்று ஊரெல்லாம் சொன்னதாக மனுவில் இருப்பது இதுதான். என் வீட்டாரைத் தேடித்தான் அப்படிச் சொன்னார். இத்தனைக்கும் அவர் விடிய விடிய வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை போனை எடுத்திருக்கிறார். சுவர் விழுந்தது எங்கள் ஊரில்தான், கணவன் உடல் கிடைக்காதவள் லூசி என்று ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, லூசி வீட்டுக்கே போனைக் கொண்டுபோயிருக்கிறார். லூசி என் ஓர்ப்படியாள், என் கணவரின் தம்பி எட்வினுடைய மனைவி. எட்வின் சில வருடங்களுக்கு முன் காற்றும் மழையுமான ஒரு நாளில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தனக்கே பாம்பு கடித்துத் தானே ஆஸ்பத்திரியில் இருப்பதாக ஃபாதர் சொன்னதை லூசி கையில் மீனும் அரிவாள்மணையுமாக இருந்து கேட்டிருக்கிறாள். அதன் பிறகு போனை வாங்கி, டீச்சர் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "அந்த மெழுகுதிரிய எந்தக் கல்லறையில ஏத்துனதாப் போட்டிருக்கு" என்று ஒன்று மட்டும் கேட்டிருக்கிறாள். பூவரச மரத்தடியில், பேர் அழிந்துபோன ஒரு சின்னப் பிள்ளையின் கல்லறையில் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். "அப்பம் அது எங்க டெல்பின் அக்காதான். நான் அங்கன ஏத்துனது அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும்" என்று லூசி சொல்லியிருக்கிறாள்.

லூசி போய்ச் சொன்னதும் என் கணவர் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவி தியானத்தில் இருப்பதாக நினைத்திருந்தவருக்கு, அவள் வேறு பெயரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தில் டீச்சர் முகாமில் இருந்த மற்றவர்களை ஊருக்கு அனுப்பப் போயிருந்தார். உறவுக்காரர்கள் வருவார்கள் என்று மட்டும் கொழுந்திடம் சொல்லியிருந்தார். என் கணவர் வந்து, தான் புருஷன் என்று சொன்னதும் கொழுந்து வாசலை மறித்துவிட்டார். "அவுக புருஷன் கடல்ல போயி எவ்வளவோ நாளாச்சு. நீரு யாருவே" என்று கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. "நாந்தாம்ல அது" என்று என் கணவர் சொன்னார். கடலில் எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், வார்டு முழுக்கக் கேட்டது. அதன் பிறகுதான் தள்ளுமுள்ளு. லூசி நடுவில் புகுந்து விலக்கினாள்.

அந்த நேரத்தில் எனக்குத் தொண்டையில் குழாய் போட்டிருந்தது. கண் திறக்க முடியாமல், ஒரு விரலை அசைக்க முடியாமல், செத்துப்போய்விட்டோமோ என்று இரவெல்லாம் பயந்து கிடந்தேன். அவர் குரல் கேட்டதும் பயம் விட்டுப்போயிற்று. வாசலில் ஒருவர் எனக்காக இன்னொருவரோடு சண்டை போடுகிறார், இரண்டு பேருமே என்னைக் காப்பாற்றத்தான் நிற்கிறார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல முடியவில்லை. என் கணவர் அன்று மாலையே கோபத்தில் போய் மனு கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை குழாயை எடுத்தார்கள். நர்ஸம்மா தனலட்சுமி எனக்குப் பேச்சு வரும் வரை கையைத் தடவிக்கொண்டே நின்றார், அவருக்கும் என் நன்றியைப் பதிவு செய்ய வேண்டும். என் கணவர் கஞ்சி ஊட்டினார், முகத்தைத் துடைத்துவிட்டார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று அவராகவே, "அந்தக் கதையக் குடு" என்று கேட்டார். டீச்சரிடம் இருந்த பிரதியை லூசி வாங்கிக் கொடுத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, உதடு அசையப் பைய வாசித்தார். அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சை உள்ளபடி சொல்கிறேன்.

"ஏட்டி, இது லூசி கதைல்லா" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். "பொறவு என்னய ஏன் கொன்ன?"

"வேற ஆம்பளைய எனக்குத் தெரியாது. ஒங்களக் காங்கலைன்னு நெனச்சாத்தான் எனக்கு அழுகை வருது, அழுகை வந்தாத்தான் எழுத வருது" என்று சொன்னேன். தம்பி மனைவி ஊரான் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியது அவருக்கு இந்தக் கதையைப் படித்துத்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, செத்தது செத்தேன். ஒடம்பையாவது கரை சேத்துரு. அப்படி எழுதுனா நான் மனுவத் திருப்பி வாங்கிக்கிடுதேன்" என்றார். கரை சேர்ந்தால் அப்புறம் கதை இல்லை என்று நான் சொன்னேன். அவர் தாள்களைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார். ஒரு வார்த்தையை மாற்றிக் கொடுத்தால் டீச்சருக்கு வந்திருக்கும் ஆபத்து நீங்கும் என்று தெரிந்தும் நான் மாற்றவில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னபோது, எனக்காக மாற்றினால் உங்களோடு பேசமாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார். லூசியிடம் கேட்காமல் அவள் கதையை எடுத்து எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எழுதலன்னா இந்நேரம் ஒங்களத் தேடிக்கிட்டுல்லா இருப்போம்" என்றாள்.

என் கணவர் மனுவைத் திரும்பப் பெறுவாரா என்பது எனக்குத் தெரியாது. பெறாவிட்டாலும் நான் சொல்வது இதுதான். சித்ரலேகா டீச்சரும் பெருமாள்ராஜும் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. நான் இன்று பேசுவது அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியதால்தான். யார், எந்த ஊர், எந்த ஆட்கள் என்று ஒன்றும் தெரியாமலே தூக்கினார்கள். அவர்கள் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மே மாதம் முகாம் நடந்தால் நான் போவேன், இந்த முறை சொல்லிவிட்டுப் போவேன்.

இந்த இடம் வரை எழுதிக்கொண்டிருந்தபோது என் கணவர் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போலும். மனுவைத் தொடர விருப்பமில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "கதைய மாத்தாண்டாம்ட்டி. அதுல நான் கடல்லயே கெடந்துக்கிடுதேன். ஆனா ஊருல எட்வினுக்கு ஒரு குழி வெட்டி, அவன் சட்டையையாவது உள்ள வச்சி, சிலுவை நட்டுருவோம். இந்த வருசம் லூசி அடுத்த வீட்டுக் கல்லறையில போயி நிக்கப்பிடாது" என்றார். லூசி அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

வேறு சொல்ல எதுவும் இல்லை. உதவி ஆய்வாளர் இதை எனக்கும் என் கணவருக்கும் லூசிக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்) டெல்பின்